சதுப்பு நிலத்துக்கு ஏரி கட்டப் போகிறவர்களுக்கு: ஒரு தோட்டப்புற வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இரண்டு பெயர். சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறியது 2007-இல். அதற்கு முன் பிறந்த எவரைக் கேட்டாலும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், நாட்டிலேயே முதன்முறையாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார். அதிலிருந்து இங்கே நிலத்துக்குச் செய்த வேலை எல்லாம் ஒன்றே ஒன்று: தண்ணீரை வெளியேற்றுவது. என் தாத்தா கான், அதாவது வடிகால், வெட்டினார். அப்பா கானில் தூர் எடுத்தார். நான் இருபது வருடம் கான் மதகுகளைத் திறந்து மூடினேன்.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. கம்புட் மண்ணில், அதாவது மட்கிய தாவரம் அடுக்கடுக்காகச் சேர்ந்த பீட் மண்ணில், 2018 நவம்பர் 15-க்குப் பிறகு புதிதாகச் செம்பனை நடக்கூடாது என்று ஆர்.எஸ்.பி.ஓ. என்ற செம்பனை எண்ணெய் அமைப்பின் சான்றிதழ் விதி சொல்கிறது. மறுநடவு செய்வதற்கு முன்பும் அந்த நிலத்தில் இன்னும் எத்தனை காலம் தண்ணீர் தானாக வடியும் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே தாழ்ந்த, எப்போதும் ஈரமான, காய் சரியாகப் பிடிக்காத துண்டு நிலங்களைச் சில தோட்டங்கள் ஒதுக்கி வைக்கின்றன. அவற்றைப் பழையபடி சதுப்பாக்கலாம் என்று இளைஞர் சங்கங்களும் பள்ளி முன்னாள் மாணவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர், வெயில் மாதங்களில் சதுப்புக்கு விடத் தண்ணீர் சேர்த்துவைப்பதற்காக, முதல் நாளே "எத்தனை ஏக்கரில் ஏரி வெட்டலாம் அண்ணே?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வர வேண்டியது. அதற்கு முன் வர வேண்டியவை கீழே.

முதலில் ஓட்டையை அடையுங்கள்

சதுப்பு ஏன் காய்ந்தது? மழை குறைந்ததாலா? பெரும்பாலும் இல்லை. நாம் வெட்டிய கான் வழியாகத் தண்ணீர் ஓடிப்போனதால். அந்தக் கானை அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு ஏரி கட்டித் தண்ணீர் விட்டால், அது ஓட்டைப் பானையில் ஊற்றுகிற கதைதான்.

எனவே முதல் வேலை நடப்பது. நிலத்தில் உள்ள எல்லாக் கான்களையும், கிளைக்கான் முதல் பெருங்கான் வரை, கால்நடையாகப் போய்ப் படத்தில் குறியுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது, எந்தக் கான் ஏற்கெனவே தூர்ந்து புல் மண்டிக் கிடக்கிறது என்று எழுதுங்கள். மழை பெய்த மறுநாள் காலை போனால் கான்களே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு அடைப்பு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராஜா மூசா வனக் காப்பகத்தில் 2008-இலிருந்து சிலாங்கூர் வன இலாகாவும் குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் என்ற அமைப்பும் செய்துவரும் மீட்பு வேலையின் அடிப்படை இதுதான்: பழைய கால்வாய்களை அடைத்து பீட் மண்ணின் நீர்மட்டத்தை உயர்த்துவது, அதன் பிறகு மகாங் போன்ற மரங்களை நடுவது. ஒரே ஒரு பெரிய அடைப்புப் போட்டால் முதல் வெள்ளத்தில் பிய்த்துக்கொண்டு போகும். படிக்கட்டு மாதிரி பல அடைப்புகள் போட வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வித்தியாசம் 20, 30 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் மணல் மூட்டையும் பலகையுமே தாங்கும்.

அடைத்த பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பொறுத்துப் பாருங்கள். சில இடங்களில் இத்தோடு வேலை முடிந்துவிடும், ஏரியே வேண்டியிருக்காது. நல்ல நிலையில் உள்ள பீட் மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஏரி வெட்டிச் சேர்ப்பதைவிட மண்ணிலேயே அதிகம் சேர்த்து வைக்கலாம். செலவும் மணல் மூட்டைச் செலவுதான்.

ஒரு வருடம் கம்பு பாருங்கள்

அடைப்புப் போட்ட நாளிலிருந்தே அளவும் தொடங்க வேண்டும். இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் பக்கவாட்டில் துளை போட்டு, துணி சுற்றி, நிலத்தில் ஒன்றரை மீட்டர் இறக்குங்கள். உள்ளே கம்பு விட்டுப் பார்த்தால் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். நாற்பது ஹெக்டர் நிலத்துக்குப் பத்துக் குழாயாவது வேண்டும். கான்களிலும் தேங்கும் இடங்களிலும் சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுப் பலகை. கூடவே ஒரு மழைமானி. காலை எட்டு மணிக்கு ஒருவர், ஒரே நோட்டுப் புத்தகம்.

இதற்கு ஆள் கிடைக்காது என்று சொல்லாதீர்கள். தோட்டத்தில் மழை அளவு எழுதிவைப்பது காலங்காலமாக நடக்கும் வேலை. அலுவலகத்தில் கேட்டால் பழைய புத்தகம் அலமாரியிலிருந்து வரும். வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோபஞ்சிர் இணையத்தளத்தில் ஆற்று மட்டமும் மழையளவும் கிடைக்கும். ஆனால் உங்கள் பள்ளத்தில் பெய்த மழை அதில் இருக்காது. இங்கே ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், கொட்டும், அடுத்த தாமானில் துணி காயும்.

கிழவர்களிடமும் பேசுங்கள். "அந்தப் பக்கம் மாடு இறங்காது", "அங்கதான் விரால் பிடிப்போம்" என்று அவர்கள் சொல்லும் இடங்கள் எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய நீர்நிலைகள்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

அடைப்புப் போட்டும் வெயில் மாதங்களில் நீர்மட்டம் இறங்குகிறது என்று உங்கள் நோட்டுப் புத்தகமே சொன்னால், சரி, இப்போது ஏரியைப் பற்றிப் பேசலாம். கணக்குக் கடினமில்லை. ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஒரு ஹெக்டர் மேல் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர்.

உதாரணத்துக்கு 40 ஹெக்டர் சதுப்பு, ஏறக்குறைய நூறு ஏக்கர். மோசமான ஒரு வெயில்காலத்தை 45 நாள் என்று வைப்போம். நம் நாட்டு வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 4 முதல் 5 மி.மீ. ஆவியாகும். செடிகொடி உள்ள சதுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு குடிக்கும். ஐந்து என்று வைத்தால் 45 நாளில் 225 மி.மீ. மண்ணுக்குள் கசிவது நாளைக்கு 2 மி.மீ. என்றால் இன்னொரு 90. மொத்தம் 315. அந்த நாட்களிலும் தூறலாக 60 மி.மீ. மழை வரும் என்று கழித்தால் பற்றாக்குறை 255 மி.மீ. நாற்பது ஹெக்டருக்குப் பெருக்கினால் 1,02,000 கன மீட்டர்.

ஏரியிலிருந்து சதுப்புக்குப் போகும் வாய்க்காலில் 15 விழுக்காடு வழியிலேயே போய்விடும். ஆகவே திறந்துவிட வேண்டியது 1,20,000. ஏரியும் வெயிலில்தானே இருக்கிறது? அதன் பரப்பு 8 ஹெக்டர் என்றால் அதுவும் 20,000 கன மீட்டரைத் தானே குடித்துவிடும். ஆக 1,40,000. அடியில் அரை மீட்டர் தண்ணீர் சேறும் மீனுமாகக் கிடக்கும், மதகு வழியாக வராது. அது 40,000. கூட்டினால் 1,80,000 கன மீட்டர். எட்டு ஹெக்டரில் பரப்பினால் சராசரி ஆழம் 2.25 மீட்டர்.

கசிவு 2 மி.மீ. என்று நான் போட்டது உதாரணத்துக்குத்தான். மணல் கலந்த மண்ணில் அது பத்தாகவும் இருக்கலாம், அப்போது இந்தக் கணக்கே குப்பை. உங்கள் குழாய்களில் மழையில்லாத நாட்களில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சொந்த எண்ணைப் போடுங்கள். ஒரு வருடம் கம்பு பாருங்கள் என்று நச்சரித்தது இதற்காகத்தான்.

இனி யாரும் பார்க்காத பாதி: ஏரி எப்போது நிரம்பும்? இந்த மேற்குக் கரையில் ஆண்டுக்கு இரண்டு காய்ச்சல், அதாவது மழை குறைந்த காலம். வருடத் தொடக்கத்தில் ஒன்று, ஜூன், ஜூலையில் ஒன்று. நடுவில் ஏப்ரல், மே மழையும் அக்டோபர், நவம்பர் மழையும். உங்கள் பெருங்கானுக்கு 100 ஹெக்டர் தோட்டத்துத் தண்ணீர் வருகிறது, மழை மாதத்தில் 200 மி.மீ. பெய்கிறது, அதில் பத்தில் மூன்று பங்கு ஓடிவருகிறது என்றால் மாதம் 60,000 கன மீட்டர். எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது, கீழே ஆளும் மீனும் இருக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 40,000. காலியான ஏரியில் பயன்படும் தண்ணீரை நிரப்ப மூன்றரை மழை மாதம் ஆகும்.

ஏப்ரல், மே இரண்டே மாதம்தான். ஜனவரிக் காய்ச்சலில் ஏரியைக் கடைசி வரை வடித்துவிட்டால் ஜூனில் பாதி ஏரிதான் கையில் இருக்கும். எனவே இரண்டு காய்ச்சலுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எது தோற்கிறதோ அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்துங்கள். ஏரியைப் பெரிதாக்குவது ஒரு வழி. சதுப்பின் பரப்பைச் சுருக்கி முதலில் இருபது ஹெக்டரை மட்டும் மீட்பது இன்னொரு வழி. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு.

ஓடையை மறிக்கலாமா, பக்கத்தில் கட்டலாமா?

ஓடையின் குறுக்கே ஒரு கரை போட்டால் ஏரி தயார் என்று எல்லோருக்கும் தோன்றும். மண்வேலையும் குறைவு. ஆனால் வெள்ளம் வந்தால் முழு ஓடையும் உங்கள் கரை மேல்தான் ஏறும்.

ஒரு தோராயக் கணக்கு. நூறு ஹெக்டர் நீர்வரத்து, ஏற்கெனவே நனைந்த மண், ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. மழை. அதில் பத்தில் ஆறு பங்கு ஓடிவந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 17 கன மீட்டர். கலிங்கல், அதாவது உபரி நீர் வழியும் வாய், அதன் மேல் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் ஒரு மீட்டர் அகலத்தில் விநாடிக்கு 0.6 கன மீட்டர் போகும். அப்படியானால் கலிங்கல் 28 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சிமெண்ட் குழாய் பதித்துவிட்டு "போதும்" என்று சொல்லும் குத்தகைக்காரரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

அதே ஏரியை ஓடைக்குப் பக்கத்தில் தள்ளிக் கட்டி, வாய்மதகு வழியாகத் தண்ணீரை உள்ளே திருப்பினால் கதை வேறு. வெள்ளத்தன்று வாய்மதகை மூடிவிடலாம். ஏரி மேல் நேராகப் பெய்யும் மழைக்கு மட்டும் வழி விட்டால் போதும். எட்டு ஹெக்டருக்கு அது விநாடிக்கு 2.2 கன மீட்டர், நான்கு மீட்டர் கலிங்கல். ஓடை தன் பாட்டுக்கு ஓடும், மீன் மேலேறும், வண்டல் முழுவதும் உங்கள் ஏரிக்குள் வந்து விழாது.

விலையில்லாமல் இது வராது. நாலு பக்கமும் கரை வேண்டும். மூன்றேகால் மீட்டர் உயரம், மேலே வண்டி போக நாலு மீட்டர் அகலம், உள்சரிவு ஒன்றுக்கு மூன்று, வெளிச்சரிவு ஒன்றுக்கு இரண்டரை என்று போட்டால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 42 கன மீட்டர் மண். எட்டு ஹெக்டர் சதுர ஏரியின் சுற்றளவு 1,130 மீட்டர். மொத்தம் 47,000 கன மீட்டருக்கு மேல். வெட்டிய மண் உப்பும் என்பதால் பத்துக் கன மீட்டர் லாரியில் 5,000 நடைக்கு மேல். நிலம் கிடைத்ததே என்று நூறு மீட்டர் அகலம், எண்ணூறு மீட்டர் நீளத்தில் கட்டினால் சுற்றளவு 1,800 மீட்டராகிவிடும், பரப்பு அதேதான். செலவில் பெரும்பங்கு மண் அள்ளிச் சுமப்பதற்கே போவதால் ஏரியின் வடிவத்திலேயே பாதிச் செலவு முடிவாகிவிடுகிறது. ஒரு பக்கம் மேடு சாய்ந்து வரும் இடமாகப் பார்த்தால் அந்தப் பக்கக் கரை மிச்சம்.

பீட் மண் மேல் கரை எழுப்பாதீர்கள். அது அமுங்கும், காயும், சுருங்கும், ஒரு நாள் கரைக்கு அடியிலேயே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். ஏரி களிமண் நிலத்தில், சதுப்பு பீட்டில் என்று பிரித்து வையுங்கள்.

பழைய லம்பக் குட்டைகளை, அதாவது வெள்ளீயச் சுரங்கம் தோண்டிய பள்ளங்களை, பற்றிக் கேட்பீர்கள். எங்கள் ஊரில் அவை ஏராளம். வறட்சிக் காலத்தில் சுங்கை சிலாங்கூருக்குத் தண்ணீர் கூட்ட மாநில அரசே ஹோராஸ் என்ற திட்டத்தில் அந்தக் குட்டைகளைப் பயன்படுத்துகிறது. ஆகவே கண்ணில் பட்ட குட்டை யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைக்க வேண்டாம். உரிமை கிடைத்தாலும் ஆர்செனிக், ஈயம், இரும்பு முதலியவற்றுக்குப் பரிசோதித்த பிறகுதான் அந்தத் தண்ணீரைச் சதுப்பில் விட வேண்டும். மணற்கரை சட்டென்று சரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அளக்கப் போக வேண்டாம்.

மண்ணை மோந்து பாருங்கள்

இதில் நானே அடி வாங்கியவன். பல வருடங்களுக்கு முன், கடலோரப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னதாக ஒரு குளம் வெட்டினோம். வெட்டும்போது அடியில் சாம்பல் நிறக் களி வந்தது. வழவழவென்று, பார்க்க அருமையான களி. தண்ணீர் நிற்கும் என்று சந்தோஷப்பட்டோம். அழுகிய முட்டை வாடை லேசாக அடித்தது, சேறென்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். வெட்டிய மண்ணைக் கரையில் குவித்தோம். இரண்டு மாதத்தில் அந்தக் குவியலில் வைக்கோல் மஞ்சளில் புள்ளி புள்ளியாக வந்தது. முதல் பெருமழைக்குப் பின் குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் விட்ட மீனெல்லாம் மிதந்தது.

அது அமில சல்பேட் மண். கடல் நீர் ஏறி இறங்கிய காலத்தில் படிந்த களியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கும். தண்ணீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். தண்ணீர் அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தால் அலுமினியம் கரைந்து சேற்றை அடியில் படியவைத்திருக்கிறது என்று பொருள். இது தெரிய எனக்கு ஒரு குளம் செலவாயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது: ஏரி வரும் இடத்தில் ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி. ஏரியின் அடிமட்டத்தைவிட ஒரு மீட்டர் ஆழமாகத் துரப்பணம் போட்டு, அரை மீட்டருக்கு ஒரு மாதிரி எடுங்கள். எடுத்த உடனே அமிலத்தன்மையைப் பாருங்கள். அதே மாதிரியை மெல்லிய அடுக்காக ஈரம் காயாமல் எட்டு வாரம் காற்றில் வைத்து மறுபடி பாருங்கள். பி.எச். எண் 4-க்குக் கீழே சரிந்தால் அங்கே வெட்டாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி உடனே பார்க்கும் சோதனையும் உண்டு. அது கையைச் சுடும் மருந்து, ஆய்வுக்கூடத்திடமே விடுங்கள்.

அப்படிப்பட்ட நிலம் ஒன்றுதான் கிடைத்தது என்றால் பள்ளம் தோண்டாமல், வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கரையை மட்டும் மேலே எழுப்புங்கள். சுண்ணாம்பு போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்கள் அதை எத்தனை வருடம் போட வேண்டும் என்பதையும் சொல்லட்டும்.

களி நல்லதா என்று பார்க்க எளிய வழி: ஈரக் களியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாக நசுக்கித் தள்ளுங்கள். ஐந்து சென்டிமீட்டர் அறுபடாமல் வந்தால் கரைக்கு ஆகும்.

எந்தத் தண்ணீர்?

தோட்டத்துக் கானில் வருவது மழைத் தண்ணீர் மட்டுமில்லை. அதில் உரம் இருக்கும், மருந்து இருக்கும், மேலே ஆலை இருந்தால் அதன் கழிவும் இருக்கலாம். பீட் சதுப்பு ஏழை மண்ணில் வாழப் பழகியது. அதன் கறுத்த தண்ணீரின் பி.எச். 3, 4-தான் இருக்கும். அங்கே உரத் தண்ணீரை விட்டால் நாம் எதிர்பார்த்த செடிகள் வராது. ஆகாயத்தாமரைதான் வரும்.

எனவே ஏரிக்கு முன்னால் ஒரு வண்டல் குட்டை, அதையடுத்து கோரையும் நாணலும் அடர்ந்த ஆழமில்லாத ஒரு வடிகட்டிப் பகுதி. பெரிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமானால் புத்ராஜெயாவுக்குப் போங்கள். 1997, 98-இல் அங்கே கட்டிய செயற்கைச் சதுப்பு 24 அறைகளாகப் பிரிக்கப்பட்டது. சுங்கை சுவாவ், சுங்கை பீசா தண்ணீர் அந்த அறைகளைத் தாண்டித்தான் 400 ஹெக்டர் ஏரிக்குள் வருகிறது. அந்த நகரம் இருக்கும் இடம் முன்பு பிராங் பெசார் ரப்பர் தோட்டம். நம் சனங்கள் பால்வெட்டிய இடம். பாலத்தில் நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

வண்டல் குட்டைக்குள் மண்வாரி இயந்திரம் இறங்கித் தூர் எடுக்கப் பாதை விட்டிருக்கிறீர்களா என்று வரைபடத்தில் பாருங்கள். பெரும்பாலும் மறந்திருப்பார்கள்.

கரை, மதகு, கலிங்கல்

இந்தப் பகுதியை நீங்களே வடிவமைக்கக் கூடாது. பதிவுபெற்ற பொறியாளர் கையெழுத்திட வேண்டும். ஆனால் அவர் வரைந்ததைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

கரையின் நடுவே களிமண் சுவர் இருக்கிறதா, அது அடிமண்ணுக்குள்ளும் இறங்குகிறதா என்று பாருங்கள். மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்காகக் கொட்டி ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்க வேண்டும். லாரி ஏறி இறங்கினாலே இறுகிவிடும் என்ற பேச்சு வேண்டாம். முழு ஏரி மட்டத்துக்கு மேல் கரை ஒரு மீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். கரை மேல் புல் மட்டும்: வெட்டிவேரோ மாட்டுப்புல்லோ. மரம் வைத்தால் பட்டுப்போன வேர் ஒரு நாள் குழாயாகிவிடும். உடும்பு வளையை மாதம் ஒருமுறை தேடி அடைக்க வேண்டும்.

கரைகள் அதிகம் உடைவது மதகுக் குழாயைச் சுற்றித்தான். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் ஊர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் கொண்டுபோகும். வெளிப்பக்கத்தில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைத்தால் தண்ணீர் வரும், மண் வராது. கசிவு தெளிவாக இருந்தால் அளந்து எழுதிவையுங்கள். கலங்கலாக வந்தால் கரைதான் கரைந்து வருகிறது என்று பொருள், அன்றைக்கே ஏரியை இறக்குங்கள்.

மதகுக்குத் திருகு வால்வைவிடப் பலகை மதகு எனக்குப் பிடிக்கும். பத்து சென்டிமீட்டர் பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகுவது. எத்தனை பலகை இருக்கிறதோ அதுதான் நீர்மட்டம், தூரத்திலிருந்தே எண்ணலாம்.

கலிங்கலை நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குக் கணக்கிடுவது வழக்கம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியதைப் பார்த்தவர்கள் இதில் பேரம் பேச மாட்டார்கள்.

தாள் வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதற்குத்தான் அதிக காலம் பிடிக்கும். நிலமும் தண்ணீரும் மாநிலத்தின் கையில். நிலப்பட்டாவில் விவசாயம் என்று இருந்தால் மாவட்ட நில அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். மண்ணை வெளியே கொண்டுபோகத் தனி பெர்மிட் வேண்டும். சிலாங்கூரில் ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ தண்ணீர் திருப்ப, 1999 சட்டத்தின்கீழ் அமைந்த லுவாஸ் என்ற மாநில நீர் நிர்வாக வாரியத்தின் அனுமதி. ஆற்றோர ஒதுக்கு நிலத்துக்கும் வெள்ளக் கணக்குக்கும் வடிகால், நீர்ப்பாசன இலாகா. மண்வேலை வரைபடத்துக்கு நகராண்மைக் கழகம். பரப்பு பெரிதானால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 2015 ஆணையை சுற்றுச்சூழல் இலாகாவில் காட்டி உங்கள் திட்டம் எந்த அட்டவணையில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

கரை உயரம் 15 மீட்டரைத் தொட்டாலோ, 5 மீட்டரைத் தாண்டிக் கொள்ளளவு 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் போனாலோ அது உலகக் கணக்கில் பெரிய அணை. நம்முடையது அந்தப் பக்கமே போகக் கூடாது.

தண்ணீர் எடுப்பவர்கள் கீழே இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். சுங்கை சிலாங்கூரின் கழிமுகப் பக்கம் கம்போங் குவாந்தான் மின்மினிகள் தங்கும் பெரெம்பாங் மரங்கள், நன்னீரும் உப்பு நீரும் கலக்கும் இடத்தில் வளர்பவை. மேலே எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் திருப்பினால் அங்கே உப்பு ஏறும். வாய்மதகின் அடியில் மூடவே முடியாத ஒரு துவாரம் வைத்து ஓடைக்கு உரியதை ஓடைக்கே விடுங்கள்.

நிரப்புவதும் நடத்துவதும்

முதல் முறை ஏரியை ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். அரை மீட்டர் ஏற்றி, ஒரு வாரம் நிறுத்தி, கரையின் வெளிப்பக்க அடியைச் சுற்றி நடந்து ஈரம் பார்த்து, அப்புறம் அடுத்த அரை மீட்டர்.

பிறகு மதகை எப்போது திறப்பது? வயலுக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் சதுப்புக்கும் உண்டு. களிமண் சதுப்பில் வெயில் மாதத்தில் ஒரு சாண் தண்ணீர் இறங்கட்டும். அப்போதுதான் கோரை விதை முளைக்கும், சேறு வெளியே தெரியும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வரும் நீர்ப்பறவைகள் அந்தச் சேற்றில்தான் மேயும். எப்போதும் ததும்ப வைத்தால் அது வெறும் குளம்.

பீட் சதுப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒருமுறை நன்றாகக் காய்ந்த பீட் மறுபடி தண்ணீரைப் பிடிக்காது, பற்றினால் அடியில் புகைந்துகொண்டே போகும். 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே பீட்டில் நிலத்தடி நீரைத் தரைக்கு அருகிலேயே வையுங்கள். குழாயில் மட்டம் 20 சென்டிமீட்டர் இறங்கியதும் ஏரி மதகின் முதல் பலகையை எடுத்துவிடுங்கள். நாற்பது வரை பொறுத்தால் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் மேல்மண் காய்ந்திருக்கும்.

கொசு பற்றி அக்கம்பக்கத்தார் கட்டாயம் கேட்பார்கள். டிங்கி பரப்பும் ஏடிஸ், வீட்டு வாளியிலும் டயரிலும் வளர்வது, சதுப்பில் இல்லை. ஆனால் யானைக்கால் நோய் பரப்பும் மேன்சோனியா கொசுவின் புழு நீர்ச்செடி வேரைப் பற்றிக்கொண்டு வளரும். அதனால் ஆகாயத்தாமரையை வாரி எடுக்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். பனையேறிக் கெண்டையும் விராலும் தானாக வரும். திலாப்பியாவை யாரும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதகுப் பலகைகளுக்குப் பூட்டுப் போடுவீர்கள். சாவி இரண்டு செய்யுங்கள். ஒன்று அளவு எழுதுகிறவரிடம். மற்றொன்று கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் வீட்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில். வெள்ளம் இரவு இரண்டு மணிக்குத்தான் வரும். அந்த நேரத்தில் சங்கத் தலைவர் கோலாலம்பூரில் இருப்பார்.